வலம்புரித்துறையில் ஓலை காயாத வருடம்

வலம்புரித்துறை என்கிற கடலோர ஊரில் ஒரு வருடம், குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலைகள் காயவில்லை.

காய வேண்டியவைதான். பெரிய வெள்ளிக்கு முந்தைய ஞாயிறு, ஊர் சாமி என்று கூப்பிடுகிற பாதிரியார் தீர்த்தம் தெளித்துக் கொடுக்கிற தென்னங்குருத்தை வாங்கிக்கொண்டு, ஓசன்னா பாடி ஊரைச் சுற்றி வந்து, ஆண்டவர் பாடுபட்டு மரித்த வரலாற்றை வாசிக்கிற அந்த முடிவே இல்லாத நேரத்தில் ஆளாளுக்கு அதை மடியில் வைத்து மடக்கி, சிலுவை, கிளி, மோதிரம், கைக்கடிகாரம் என்று எதையாவது பின்னி, வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தால், அது உயிர்ப்பு ஞாயிறுக்குள் மஞ்சளாகும், கத்திரி வெயிலில் வைக்கோலாகும். இடி இடித்தால் அதில் ஒரு துண்டு கிள்ளி வாசலில் எரிப்பார்கள், கடலுக்குப் போகிறவன் வள்ளத்து மூக்கில் ஒரு துண்டு கட்டுவான், சாகக் கிடக்கிறவரின் தலைமாட்டில் ஒரு துண்டு வைப்பார்கள். மிச்சத்தை, உயிர்ப்புக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான அடுத்த தவக்காலத்துக்கு முன்னால் கோயில் வாசல் பெட்டியில் கொண்டுபோய்ப் போட, கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் அதை எரித்துச் சலித்துச் சாம்பலாக்கித் தர, சாம்பல் புதனன்று சாமி அதை அவரவர் நெற்றியில் பூசி, நீ மண், மறந்துவிடாதே என்று சொல்லி அனுப்புவார். போன வருடம் ஓசன்னா பாடிய அதே ஓலைதான் இந்த வருடம் சாம்பலாக வேண்டும். கடையில் வாங்கின ஓலை செல்லாது. அதுதான் முறை.

அந்த வருடம் உயிர்ப்பு ஞாயிறும் போயிற்று, கத்திரியும் போயிற்று, ஓலை அசையாமல் பச்சையாக நின்றது. ஆனியில் வளரவும் தொடங்கியது. முதலில் ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். பிறகு மீன் வாங்குகிற இடத்தில் ஒருத்தி வாய்விட, மற்றவள் "உங்க வீட்டுலயுமா?" என்று கேட்க, அன்று சாயங்காலத்துக்குள் எந்த வீட்டு ஓலை எத்தனை முழம் என்பதில் சண்டை வந்துவிட்டது. சாமி ஆயர் இல்லத்தில் போய்ச் சொன்னார். அவர்கள் "நல்லது" என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்? ஓலை ஃபேன் இறக்கையில் மாட்டியது, ஃபேனை இடம் மாற்றினார்கள். உத்தரத்தைத் தொட்டது, ஓட்டைப் பிரித்து வழி விட்டார்கள். சிட்டுக்குருவி கூடு கட்டியது, ஆண்டவர் படத்தின் மேல் எச்சம் விழாமல் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் தெருக்காரர்கள் தோரணத்துக்குக் கேட்டார்கள், மனசோடு வெட்டிக் கொடுத்தார்கள், வெட்டின இடத்தில் மறுநாள் துளிர்த்தது. ஐப்பசியில் இடி இடித்தபோது எரிக்க ஒரு காய்ந்த துண்டு யாரிடமும் இல்லை, பச்சை ஓலையையே வாசலில் நின்று வானத்தைப் பார்த்து ஆட்டினார்கள், இடி வழக்கம்போலக் கேட்டுக்கொண்டது. கார்த்திகைக்குள் எல்லாருக்கும் சலித்துவிட்டது. அற்புதமே ஆனாலும் வீட்டுக்குள் நின்றால் அதற்கும் ஒட்டடை அடித்துத்தானே ஆக வேண்டும்?

ஒரே ஒரு வீட்டு ஓலைதான் காய்ந்தது. அது கொன்சலாத்தாவின் வீட்டில் இருந்தது.

கொன்சலாத்தாவை ஊர் கொன்சி என்று கூப்பிட்டது. ஐம்பதைத் தாண்டியவள், கான்வென்டில் படித்தவள், பிள்ளை இல்லாதவள், வாய் உள்ளவள். மடித்த போர்வையின் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும் அவளுக்கு, உட்காராத எதையும் யார் வீட்டிலிருந்தாலும் சொல்லிவிடுவாள். யாராவது வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றின கோணத்திலேயே வந்தவர்களின் வளர்ப்பு தெரிந்துவிடும் என்று அவர்கள் காதுபடச் சொல்வாள். அதனால் வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அவள் புருஷன் இஞ்ஞாசி, உப்பளத்தில் கணக்கப்பிள்ளை, இருந்தவரைக்கும் அது அவளுக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் குறை சொல்ல ஒருவர் வீட்டிலேயே இருந்தார், அவரும் "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்தக் குருத்தோலை ஞாயிறன்று அவர் பின்னினது ஒரு சிலுவை. ஒவ்வொரு வருடமும் அதுதான், ஒவ்வொரு வருடமும் இடக்கை வலக்கையைவிட நீளம். "கோணலா இருக்கு. பிரிச்சு மறுபடி பின்னுங்க" என்று சுவிசேஷ வாசிப்புக்கு நடுவிலேயே அவள் கிசுகிசுத்தாள். "இருக்கட்டும் கொன்சி, ஆண்டவருக்கு எட்ட வேண்டியது நெறய இருக்கு" என்றார் அவர். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதே வாரம் பெரிய வியாழக்கிழமை, கோயில் மணிகளெல்லாம் ஒருமுறை சேர்ந்து அடித்து ஓய்ந்த பிறகு, இனி சனிக்கிழமை இரவு வரைக்கும் மணி கிடையாது என்கிற அந்த நேரம் பார்த்து, இஞ்ஞாசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். பெரிய வெள்ளியன்று பூசை கிடையாது, மணி கிடையாது, பாட்டு கிடையாது. உபதேசியார் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு முன்னால் போக, சாமி அவசரமாக மந்திரிக்க, ஊரே சிலுவைப்பாதைக்குப் போயிருக்க, விரல்விட்டு எண்ணுகிற நாலு பேரோடு அவரை மண்ணில் வைத்துவிட்டு அவள் திரும்பினாள். உயிர்ப்பு ஞாயிறு காலையில் படத்துக்குப் பின்னால் பார்த்தாள். சிலுவை மஞ்சளாகியிருந்தது. காயட்டும், எல்லார் வீட்டிலும்தானே காயும் என்று நினைத்தாள்.

எல்லார் வீட்டிலும் காயவில்லை என்பது அவளுக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது, ஏனென்றால் அவளிடம் சொல்ல யாரும் இல்லை. துக்கம் கழிந்து முதல்முறையாகப் போன அன்பியக் கூட்டத்தில்தான் தெரிந்தது. அன்பியம் என்பது தெருத் தெருவாகப் பிரித்து, வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லி, பைபிள் வாசித்து, டீ குடித்து, போகாதவர்களைப் பற்றிப் பேசிவிட்டு வருவது. அவள் தெருவின் அன்பியத் தலைவி டெல்பின். டெல்பினின் வீட்டு ஓலை அலமாரிக்கு மேலே விரிந்து நிழல் போட்டுக்கொண்டிருந்தது, கீழே பெண்கள் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆசீர்வாதம் மைனி, வேறென்ன?" என்றாள் டெல்பின். "உங்க வீட்டுல எவ்வளவு வளந்திருக்கு?"

கொன்சலாத்தாவின் வாய் யோசிக்காமல் சொல்லிற்று: "நான் வெட்டி வெட்டி விட்டிருதேன். எனக்குக் காடு மாதிரி இருந்தா பிடிக்காது."

சொன்ன பிறகு என்ன செய்வது? வீட்டுக்கு வந்து காய்ந்த சிலுவையை எடுத்து பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்தாள். பேருந்து நிலையத்தில் இளநீர் விற்கிறவனிடம் ஒரு குருத்து வாங்கி வந்து, மடக்கி, சேலை நூலால் கட்டி, படத்துக்குப் பின்னால் செருகினாள். அது வாடினதும் வேறொன்று. "என்னம்மா, வாராவாரம் வீட்டுல கல்யாணமா?" என்று கேட்டான் அவன். "உன் வேலை எதுவோ அதைப் பாரு" என்றாள் இவள். காய்ந்தது தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியாதா? அவ வாய்க்கு ஓலை பொசுங்கிட்டு என்பார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். இஞ்ஞாசிக்கும் அதற்கும் ஒரு முடிச்சுப் போடுவார்கள். ஊரில் அத்தனை வீட்டிலும் இறங்கின ஆசீர்வாதம் அந்த ஒரு வாசலை மட்டும் தாண்டிப் போயிற்று, ஏன் என்று யோசித்துப் பாருங்கள் என்பார்கள். யோசித்துப் பார்க்கிற வேலையை அவளே தினமும் செய்துகொண்டிருந்தாள், துணைக்கு ஊர் தேவைப்படவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றி, செபம் சொல்லி, இனி யாரும் வரப்போவதில்லை என்று ஆன பிறகு, பீரோவைத் திறந்து புடவைகளை விலக்கி, அந்தச் சிலுவையோடு அவள் சண்டை போடுவாள். "பாலு திரிஞ்சுபோச்சு. நேத்தே காய்ச்சியிருக்கணும்னு சொல்லப்போறீய, அதானே?" என்பாள். "எதிர்வீட்டுல புதுசா பெயின்ட் அடிச்சிருக்கான், வாந்தி எடுத்த மாதிரி ஒரு கலரு." சிலுவை நீண்ட கையை நீட்டிக்கொண்டு கிடக்கும். "ம்" கொட்டாது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பேசின பேச்செல்லாம் பேசின இடத்திலேயே கிடந்தது, எடுத்துப்போக ஆள் இல்லை. இருந்தும் மறுநாள் சாயங்காலம் பீரோவைத் திறந்தாள்.

இப்படியே மார்கழி போய், தை போய், தவக்காலம் வந்து வாசலில் நின்றது. கோயில் பெட்டி நிறையப் பச்சை ஓலை. உபதேசியார் பற்றவைத்தார், அது எரியவில்லை. நுரை தள்ளி உஸ்ஸென்றது, மக்காச்சோளம் வேகிற வாசம் வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், மண்ணெண்ணெய் எரிந்து முடிந்தது, ஓலை குளித்துவிட்டு வந்ததுபோல் கிடந்தது. மெக்கரூன் சுடுகிற பேக்கரி அடுப்பில் வைத்தார்கள், அந்த வாரம் பூரா ஊரில் பன்னெல்லாம் இளநீர் ருசித்தது. பக்கத்து ஊர்ப் பங்குக் கோயிலில் கொஞ்சம் சாம்பல் கேட்கலாமே என்று சாமி சொன்னார். அந்தப் பங்கோடு தேர் விஷயத்தில் பழைய தகராறு. "அவங்கிட்டப் போய் நெத்திக்குச் சாம்பல் வாங்கவா? அதுக்கு வெறும் நெத்தியோடயே சாவோம்" என்றார்கள் பெரியவர்கள்.

ஆட்டுக்கறிக் கடைக்காரருக்கு மட்டும் சந்தோஷம். "சாம்பல் இல்லன்னா தவசு இல்ல, தவசு இல்லன்னா கறிக்குத் தடை இல்ல" என்று அவர் கணக்குப் போட்டார். ஆனால் ஊர் பயந்துவிட்டது. தவசு தொடங்காவிட்டால் உயிர்ப்பு எங்கிருந்து வரும்? போன தவசில் ஆரம்பித்தது முடியாமல், இந்தப் பச்சையிலேயே, ஒன்றும் சாகாமலும் ஒன்றும் பிழைக்காமலும் ஊர் நின்றுவிடுமோ? ஞாயிறு பூசையில் சாமி, வயதில் சின்னவர், பெயர் ரெக்ஸ், கைகூப்பிச் சொன்னார்: "யார் வீட்டிலாவது, எந்த மூலையிலாவது, ஒரு விரல் நீளம் காய்ந்த ஓலை இருந்தால் போதும்."

கொன்சலாத்தா மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அன்பியம் அவள் வீட்டு முறை. செபம் முடிந்தது. டெல்பின் சும்மா இருக்கக்கூடாதா? ஆண்டவர் படத்துக்கு மாலை போட எக்கினவள், ஓலையில் கை பட்டு இழுத்துவிட்டாள். சேலை நூலோடு அது கையில் வந்தது. முனை கறுத்துச் சுருங்கியிருந்தது.

"இது நம்ம ஓலை இல்லையே மைனி. கடைக்குருத்துல்லா இது."

பெண்கள் டம்ளர்களைக் கீழே வைத்தார்கள்.

"ஆமா, கடைக்குருத்துதான். இப்ப அதுக்கென்ன?"

"அப்ப உங்க ஓலை எங்க?"

"காஞ்சுபோச்சு. உங்களுக்கெல்லாம் கெடச்சது எனக்குக் கெடைக்கல. போதுமா? போய்ச் சொல்லுங்க, ஊரெல்லாம் சொல்லுங்க, மைக் வச்சுச் சொல்லுங்க."

அவள் எதிர்பார்த்தது ஒரு பெருமூச்சு, ஒரு 'ஐயோ பாவம்'. அது வரவில்லை. டெல்பின் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "காஞ்சிருக்கா? நெசமாவே காஞ்சிருக்கா? சருகாட்டமா? ஆண்டவரே! ஏட்டி, ஓடிப்போய்ச் சாமியக் கூட்டிட்டு வாங்கட்டி!"

"ஒருத்தியும் ஓட வேண்டாம்" என்றாள் கொன்சலாத்தா, கையை உருவிக்கொண்டு. "நான் தரமாட்டேன்."

"என்ன மைனி இது, ஊருக்கே..."

"எந்த ஊருக்கு? எங்க வீட்டுக்காரவிய சவப்பெட்டியத் தூக்க ஆளில்லாம உப்பளத்துலருந்து கூலியாள் வந்தான். அன்னைக்கு இந்த ஊரு எங்க போயிருந்துச்சு?"

"அன்னைக்குப் பெரிய வெள்ளி மைனி. சிலுவைப்பாதைக்குப் போயிருந்தோம்."

"நானும் அங்கதான் போயிட்டு வந்தேன்" என்றாள் கொன்சலாத்தா. "அது அவிய கையால பின்னினது. அவிய கை செஞ்சதுல மிச்சம் அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு. டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

யாரும் குடிக்கவில்லை. செருப்புகளை மாட்டிக்கொண்டு போனார்கள். அத்தனை டம்ளரிலும் ஆடை படிந்தது.

மறுநாள் சாமி வந்தார். வெளியிலேயே செருப்பைக் கழற்றி, நேராக வைத்துவிட்டு வந்தார், யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஓலையைக் கேட்கவில்லை. பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். அவள் பீரோவைத் திறந்து காட்டினாள். அவர் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"ஒரு கை நீளமா இருக்கே" என்றார்.

"அவிய எதையும் அளந்து செஞ்சதில்ல சாமி. உப்பைத் தவிர."

சாமி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார், "அன்னைக்கு அடக்கத்துல நான் வாட்ச்சைப் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணு மணி வழிபாட்டுக்கு நேரமாயிருமோன்னு."

"பாத்தேன்" என்றாள் அவள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு சிலுவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாங்கிப் போயிருந்தால் நாலு வார்த்தை கத்தியிருக்கலாம், கேட்காமல் போனது எரிச்சலாக இருந்தது. நீளமான கையைப் பார்த்தாள். மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள், இனி கோணலாக இருக்கலாமா? நுனியை உள்ளே ஒரு மடிப்பு மடக்கிவிட்டால் இரண்டு கையும் சரியாகிவிடும், ஒரே ஒரு மடிப்பு, இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு நிமிட வேலை. கட்டைவிரலால் அழுத்தினாள்.

அது முறிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான். கை தனியாக மடியில் விழுந்தது, அதிலிருந்து தூசு உதிர்ந்து புடவையில் ஒட்டியது.

அவள் அதை எடுக்கவில்லை. தன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் புடவைகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. இனியும் வைத்திருந்தால் இந்த விரல்கள் சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. இன்றைக்கு ஒரு மடிப்பு, நாளைக்கு ஒரு மடிப்பு, இன்னொரு நாள் முடிச்சை இறுக்குகிறேன் என்று ஒரு இழுப்பு. திருத்தித் திருத்தி ஒரு வருடத்துக்குள் அவரைத் தூசாக்கிப் புடவையிலிருந்து தட்டிவிடுவாள். அவரே அவள் கையில் முப்பது வருடம் எப்படித் தாக்குப்பிடித்தாரோ! எழுந்தாள். துவைத்த கைக்குட்டை ஒன்றை எடுத்து, சிலுவையையும் முறிந்த கையையும் அதில் வைத்து, புடவையை உதறாமல் மெதுவாகத் தூசையும் அதிலேயே வழித்துப் போட்டு, நாலு மூலையையும் சேர்த்து முடிந்துகொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

உபதேசியார் அதை ஒரு மண்சட்டியில் வைத்துப் பற்றவைத்தார். நெருப்பு பட்டதும் பட்டென்று பிடித்துக்கொண்டது, அவ்வளவு ஆசையாக எரிந்தது. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"ஒரு கரண்டி தேறாதே" என்றார் அவர்.

"அவிய ஆளே ஒல்லிதான்" என்றாள் கொன்சலாத்தா.

சாம்பல் புதன் காலைப் பூசையில் கோயில் கொள்ளாத கூட்டம். சாமி கட்டைவிரலைச் சாம்பலில் அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் எடுத்து, ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு கடுகளவு வைத்தார். கறிக்கடைக்காரருக்கு வைத்தார், தொங்கிப்போன முகத்தோடு வாங்கிக்கொண்டார். பெட்டி தூக்க வராத அத்தனை பேருக்கும் வைத்தார். கொன்சலாத்தா வரிசையில் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்தபோது தட்டில் ஒன்றும் இல்லை. சாமி தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தட்டை வழித்து வழித்து எடுத்த வெறும் விரலை அவள் நெற்றியில் வைத்து அழுத்தினார். "பரவாயில்ல சாமி" என்றாள் அவள். அவளுக்கே அவள் குரல் புதிதாக இருந்தது.

பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. அவள் கோயில் படியில் நின்று ஒவ்வொரு நெற்றியிலும் இருந்த அந்தக் கரும்புள்ளியைப் பார்த்தாள். இஞ்ஞாசி சைக்கிளில் ஏறிப் போனார். இஞ்ஞாசி பஸ்ஸுக்கு ஓடினார். பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, அவர் தெருத் தெருவாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தார். மாசி வெயில் அப்போதே ஏறத் தொடங்கியிருந்தது. ஒருவன் குழாயடியில் குனிந்து முகத்தில் தண்ணீரை அடிக்கப் போனான்.

"ஏய்! முகத்தைக் கழுவாத!" என்று கத்தினாள் கொன்சலாத்தா.

அவன் விறைத்து நின்றான். அவள் படி இறங்கினாள். அன்றைக்கு அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. முதல் தெருவில் முதல் வீட்டு வாசலில் நின்று, ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த பச்சை ஓலையை விலக்கிக் கூப்பிட்டாள், "உள்ள யாரு? இன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் ஒருத்தரும் முகம் கழுவக்கூடாது, சொல்லிட்டேன்." அடுத்த வீட்டில் சொன்னாள். அதற்கடுத்த வீட்டில், "பவுடர் கிவுடர் போட்டுத் தொலைக்காதீங்க" என்றாள். எவர் வீட்டுக்குப் போய் வருடக்கணக்காயிற்றோ அந்த வீடுகளுக்கெல்லாம் போனாள். சிலர் சிரித்தார்கள். சிலர் "சரி மைனி" என்றார்கள். ஒருத்தி "உள்ள வந்து உக்காருங்க" என்றாள். "நேரமில்ல" என்று அடுத்த படி ஏறினாள், ஏனென்றால் வெயில் அவளைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் டெல்பின் வீடு. கதவு திறந்துதான் இருந்தது. டெல்பின் அடுப்படியில் நோன்பு நாளுக்கான ஒருசந்திக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஆவியில் முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது, ஒரு சொட்டு நெற்றியின் உச்சியிலிருந்து கரும்புள்ளியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க அவள் புறங்கையைத் தூக்கினாள்.

"அசையாத" என்றாள் கொன்சலாத்தா வாசலிலிருந்து. செருப்போடு உள்ளே வந்துவிட்டாள்.

டெல்பின் தூக்கின கையைத் தூக்கினபடியே நிறுத்தினாள். கொன்சலாத்தா முந்தானை நுனியை விரலில் சுற்றி, அவள் தாடையை மற்றக் கையால் பிடித்து நிமிர்த்தி, இறங்கி வந்த வேர்வையை, புள்ளியைத் தொடாமல், சுற்றிச் சுற்றி ஒற்றி எடுத்தாள்.

நெற்றி சூடாக இருந்தது. டெல்பின் கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது, இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.